மாட்டுக்குப் போட்ட குழாய்

என் சித்திக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், இனி நமக்குப் பிள்ளை ஏது என்று சித்தி தொட்டிலைக்கூட யாருக்கோ தூக்கிக் கொடுத்துவிட்ட பிறகு, இளையவன் வந்து பிறந்தான். நான் சொல்லப்போவது இளையவனைப் பற்றி. வீட்டில் அவனுக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் ஊருக்கு அவன் ‘அத்தர்’. சாணித் தொட்டி வண்டி ஓட்டுகிறவனுக்கு அத்தர் என்று பெயர் வைத்தவன் நல்ல குசும்புக்காரன். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு தானாகக் காலியாகிவிடும். “மந்திரிக்குக்கூட இந்த மரியாதை கிடையாது, எனக்கு எப்பவும் ரெண்டு சீட்டு” என்று அவனே சொல்லிச் சிரிப்பான். எங்கள் வகையறாவில் எல்லோருக்கும் கோபம் மூக்கு நுனியில் குடியிருக்கும். இவன் ஒருவன்தான் விதிவிலக்கு. எங்கிருந்து வந்தானோ என்று என் அம்மா கேட்பாள்.

அவன் நடக்கப் பழகுவதற்குள் சித்தப்பா போய்விட்டார். அதன்பின் அவனுக்கு அப்பன் என்றால் அண்ணன்தான். தோளில் தூக்கிப் போனதும் அண்ணன், சைக்கிள் பழக்கியதும் அண்ணன், பெண் பார்த்துக் கட்டி வைத்ததும் அண்ணன். பட்டப்பகலில் அண்ணன் இருட்டிவிட்டது என்று சொன்னால் இவன் விளக்கைத் தேடுவான். அந்தப் பாசத்தில் பொய் இல்லை. இரண்டு பக்கமும் இல்லை. அதனால்தான் இதைச் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் விஷயம் புரியாது. அவர்கள் நிலம் ஒரு சரிவு. உச்சியில் மூத்தவனின் மாட்டுக் கொட்டகையும் வீடும். அதற்குக் கீழே மேல்நிலம் என்று அவர்கள் சொல்லும் மணல் பூமி. கையில் அள்ளினால் விரல் இடுக்கில் ஓடிவிடும், அப்படி ஒரு மண். மேல்நிலம் முடிகிற இடத்தில் இளையவன் வீடு, வாசலை ஒட்டிக் கிணறு. சித்தப்பா காலத்துக் கிணறு. இரண்டு வீட்டுக்கும், மாடுகளுக்கும் அந்த ஒரே தண்ணீர்தான்.

முதலில் கொட்டகையில் இருந்தது கொஞ்சம் மாடு. பிறகு மூத்தவன் பால் வியாபாரத்தைப் பெருக்கினான். மாடு பெருகியது, கொட்டகை நீண்டது. சாணியும் மூத்திரமும் கழுவிய தண்ணீரும் வந்து சேரும் குழி மட்டும் முதல் நாள் வெட்டிய அதே குழி. நாலு பேருக்குப் பொங்கிய பானையில் கல்யாணத்துக்குச் சமைத்தால் எப்படி? மழைக்காலம் நெருங்கும்போது குழி விளிம்பு தட்டி நிற்கும். மழை விழுந்தால் பொங்கிச் சரிவில் வழியும். ஆகவே, மேல்நிலத்தில் அறுப்பு முடிந்து பூமி வெறுமனே கிடக்கும்போது, மழைக்கு முந்தி, மொத்தக் கரைசலையும் அங்கே கொண்டுபோய் ஊற்றிவிடுவது அவர்கள் வழக்கம். அதற்குத்தான் தொட்டி வண்டி. அந்தச் சரிவில் நிறைந்த தொட்டியைச் சாயாமல் ஓட்ட அத்தரை விட்டால் ஆள் இல்லை.

ஒரு தடவை அவன் கேட்டிருக்கிறான். “அண்ணே, பயிர் ஒண்ணும் நிக்கலையே. இவ்வளவையும் வெறும் மண்ணுல ஊத்தறோம், எங்க போகும்?”

“மண்ணு எல்லாத்தையும் குடிச்சுக்கும்டா. அடுத்த வருஷம் பெரிய குழியா வெட்டிடலாம்.”

அந்த அடுத்த வருஷம் எந்த வருஷமும் வரவில்லை.

இப்படி இருக்கும்போது ஒரு கோடையில் மூத்தவன் பெரிய ரோட்டிலிருந்து கொட்டகை வரைக்கும் ஊர்க்குழாய் இழுத்தான். கிணற்றில் தண்ணீர் பற்றவில்லை, மாடுகள் அதிகமாகிவிட்டன என்று சொன்னான். இயந்திரம் நுழைய முடியாத இடத்தில் எல்லாம் மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டியது அத்தர்தான். குழாய் அவன் வாசல் வழியாகவே போயிற்று. “அண்ணே, அப்படியே எங்க வீட்டுக்கும் ஒரு கிளை விட்டுடலாமே, அவளுக்கு இறைக்கிற வேலை மிச்சம்” என்று கேட்டான்.

“உனக்கென்னடா குறை? வாசல்லயே கிணறு. கல்கண்டு மாதிரி தண்ணி.”

சரிதானே என்று இவனும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டான்.

அந்தச் சமயத்திலிருந்து அண்ணனும் அண்ணியும் இவன் வீட்டுக்கு வந்தால் ஒரு வாய் டீ குடிப்பதில்லை. அண்ணனுக்கு வயிறு சரியில்லை என்றார்கள், அண்ணிக்குத் தூக்கம் வருவதில்லை என்றார்கள். அத்தர் பெண்டாட்டி என்னிடம் வந்து வருத்தப்பட்டாள்: “என் கைப் பக்குவம் திடீர்னு கசந்துடுச்சா அக்கா?” நான்தான், “வயசானா வயிறு அப்படித்தாண்டி” என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அத்தருக்கு ஒரே மகள். அவள் புருஷனுக்கு லாரியில் ஊர் ஊராகச் சுற்றுகிற வேலை. குழந்தை பிறந்ததும், கைக்குழந்தையோடு தனியாக என்ன செய்வாள் என்று அப்பன் போய் அழைத்து வந்தான். பெண் குழந்தை. தாத்தனைப் போலவே அடிக்கடி சிரிக்கும். அத்தர் அந்தக் குழந்தைக்காக ஒரு நாளைக்கு இரண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிக்க ஆரம்பித்தான். “அத்தர் இப்ப நெசமாவே அத்தர் ஆயிட்டான்” என்று பால் எடுக்க வருகிற வண்டிக்காரன்கூடக் கிண்டல் செய்தான்.

மகளுக்குப் பால் போதவில்லை. டப்பா மாவுதான் கலக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. செய்தி தெரிந்ததும் மூத்தவன் பெரிய டப்பாவாக வாங்கிக்கொண்டு வந்து நின்றான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, “அம்மா மூக்குடா இது, அப்படியே அம்மா மூக்கு” என்று கண் கலங்கினான். அவன் பார்க்கப் பார்க்கத்தான் தம்பி பெண்டாட்டி கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, மாவைக் கலக்கிப் புகட்டினாள். அவனும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனான்.

அவள் சுத்தக்காரி. கொதித்ததும் இறக்குகிற ரகம் இல்லை. பச்சைக் குழந்தைக்கு என்று சட்டி நிறையத் தண்ணீர் வைத்துப் பாதியாகச் சுண்டும்வரை கொதிக்கவிடுவாள். மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாளில் குழந்தை சோர்ந்தது. உதட்டைச் சுற்றி ஒரு சாம்பல் நிறம். குளிர் என்று நினைத்துக் கம்பளியில் சுற்றினார்கள். அப்புறம் வயிற்றுப்போக்கு. தண்ணீரில்தான் ஏதோ கிருமி என்று சந்தேகப்பட்டு அவள் இன்னும் சுண்டக் காய்ச்சினாள். கால் பங்குத் தண்ணீர்தான் மிஞ்சும், அதில் கலக்குவாள். ஒருநாள் மதியம் குழந்தை அழ வாயைத் திறந்தது. சத்தம் வரவில்லை. நகமெல்லாம் நாவல்பழ நிறம்.

அத்தர் எந்த வண்டி கிடைத்ததோ அதில் போனான். கிடைத்தது தொட்டி மாட்டிய டிராக்டர். தொட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, மகளையும் குழந்தையையும் பெண்டாட்டியையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினான். காவலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டியது அவன் காதில் விழவில்லை.

டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். ஆக்சிஜன் வைத்தும் நிறம் திரும்பவில்லை. குழந்தையின் ரத்தம் ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் துணியில் விட்டுப் பார்த்தாள். சிவப்பு இல்லை. சாக்லேட் நிறம். காற்றுப் பட்டும் சிவக்கவில்லை.

“வீட்டுல என்ன தண்ணி?”

“கிணத்துத் தண்ணி டாக்டரம்மா. ஆனா நல்லா காய்ச்சித்தான் குடுப்பேன். பாதியா சுண்டற வரைக்கும் காய்ச்சுவேன்” என்றாள் அத்தர் பெண்டாட்டி.

“கிணத்துக்கு மேல மாட்டுக் கொட்டகை, எருக்குழி, அப்படி ஏதாவது இருக்கா?”

அத்தர் மேல் வீசிய வாடையே அவளுக்குப் பதில் சொல்லிவிட்டது.

ஊசி போட்டார்கள். மருந்தே நீல நிறம். நீலம் பூத்த பிள்ளைக்கு நீல மருந்தா என்று மகள் பயந்து அலறினாள். ஆனால் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, உதட்டில் ரோஜா நிறம் ஊறிவந்தது. அதன்பின் டாக்டர் உட்காரவைத்து விளக்கினாள். “சாணியில இருக்கிற தழைச்சத்து பயிருக்கு உணவு. பயிர் இல்லாத மண்ணுல ஊத்தினா சாப்பிட ஆள் இல்லை. மண்ணுக்குள்ள அது உப்பு மாதிரி மாறிடும். மழைத் தண்ணியோட கரைஞ்சு நேரா கிணத்துக்குப் போயிடும். நிறமும் தெரியாது, வாடையும் தெரியாது. பெரியவங்க தாங்குவாங்க. பச்சைக் குழந்தைக்கு ரத்தம் மூச்சைச் சுமக்காது.”

“காய்ச்சினேனே டாக்டரம்மா?”

“காய்ச்சினா கிருமி சாகும்மா. இது கிருமி இல்ல. உப்புத் தண்ணியச் சுண்டவச்சா என்ன ஆகும்?”

அவள் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பனைப் பார்த்தாள்.

“நீதானேப்பா ஊத்தினே?”

அவன் தலையை ஆட்டினான். வேறு என்ன செய்வான்? ஊற்றியது அவன்தான்.

குழந்தை பிழைத்த மறுநாள் காலையில் அவன் செய்த முதல் காரியம், அண்ணன் வீட்டுக்கு ஓடியது. சண்டைக்கு இல்லை. எச்சரிக்க! அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரியும். மூச்சு வாங்க அடுக்களை வாசலில் நின்று, “அண்ணே, அண்ணி, கிணத்துத் தண்ணிய யாரும் தொடாதீங்க. மாட்டுக்கும் காட்டாதீங்க. அதுல விஷம் இறங்கியிருக்கு” என்றான்.

அண்ணி அடுப்பில் எதையோ கிளறிக்கொண்டிருந்தாள். பதற்றத்தில் பேச்சு வாயிலிருந்து தானாக விழுந்துவிட்டது. “நாங்க எங்க தம்பி தொடறோம்? அதுக்குத்தானே குழாய் போட்டோம்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கரண்டி நின்றுவிட்டது.

அத்தர் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தான்.

“எதுக்கு அண்ணி?”

“உக்காருடா, சொல்றேன்” என்றான் மூத்தவன்.

“நின்னுக்கிட்டே கேக்கறேன், சொல்லுங்க.”

“மாடு ரெண்டு மூணு மாசம் நிறையாமலே கன்னு வீசிடுச்சு. மாட்டு டாக்டர் தண்ணிய எடுத்துட்டுப் போய்ப் பார்த்தார். இந்தத் தண்ணி வேண்டாம்னார். அதான்.”

“மாட்டுக்கு வேண்டாம்னார்.”

“பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னுதான்டா சொன்னார். கைக்குழந்தை இருந்தா மட்டும் ஜாக்கிரதைன்னார். அப்ப உன் வீட்டுல ஏது குழந்தை?”

“இப்ப இருக்கே அண்ணே.”

“மறந்துபோச்சுடா. சத்தியமா மறந்துபோச்சு.”

“பால் மாவு டப்பா வாங்கிட்டு வந்தீங்களே. மடியில வச்சுக்கிட்டு அம்மா மூக்குன்னீங்களே. அவ கிணத்துத் தண்ணியில கலக்கினதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களே. அப்பவுமா மறந்துபோச்சு? எங்க வீட்டு டீயைக் குடிக்கக் கூடாதுங்கிறது மட்டும் ஒருநாளும் மறக்கலையே அண்ணே.”

கொட்டகையில் மாடுகள் குழாய்த் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தன. பிறகு மூத்தவன் உண்மையைச் சொன்னான். எங்கள் ஆட்கள் மாட்டிக்கொண்டால் உண்மையைச் சொல்லிவிடுவார்கள், அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

“சொன்னா நீ தொட்டி ஓட்ட மாட்டே. அந்தச் சரிவுல ஓட்ட வேற ஆளுக்கு நான் எங்கடா போவேன்? குழி நிறைஞ்சா கொட்டகைய மூடணும். கொட்டகைய மூடினா நீயும் நானும் தெருவுலதான். எல்லாருக்காகவும்தான் வாய மூடிக்கிட்டேன்.”

“ஒரு கிளைக் குழாய் விட்டிருந்தா போதுமே அண்ணே. என் வாசலைத் தாண்டித்தானே போகுது.”

“ஏன்னு கேட்டிருப்பே.”

ஆமாம். கேட்டிருப்பான். அவ்வளவுதான் காரணம். தம்பி ஒரு கேள்வி கேட்டுவிடக் கூடாது என்பதற்காக மாட்டுக்குக் கிடைத்த தண்ணீர் தம்பி வீட்டுக்குக் கிடைக்கவில்லை.

கோபமே வராத மனுஷனுக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். அவன் கத்தவில்லை. அண்ணனும் மறுவாரமே ஆள்வைத்துக் கிளைக் குழாய் போட்டு, தம்பி வாசலில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாயை நட்டுவிட்டான். ஆனால் மகள் அசையவில்லை. புருஷன் வந்து அழைத்துப் போன அன்று வாசலில் நின்று சொன்னாள்: “எந்தக் குழாய்ல என்ன வருதுன்னு நான் பார்க்கலப்பா. மேல்நிலத்துல ஊத்தறது என்னைக்கு நிக்குதோ அன்னைக்கு என் பிள்ளையத் தூக்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் நீங்க வந்து பாருங்க.”

அந்த வார்த்தையை எடுத்துக்கொண்டு அத்தர் மறுபடி அண்ணனிடம் போனான். “மேல்நிலத்துல இனி ஒரு சொட்டு விழக்கூடாது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் களிமண் நிலத்துக்காரங்க எருவுக்குக் கேட்டுக்கிட்டே இருக்காங்க. பயிர் நிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமா அங்க கொண்டுபோறேன். தூரம்தான், நான் ஓட்டறேன். நீங்க வார்த்தை குடுங்க.”

“அம்மா மேல சத்தியம்டா” என்றான் மூத்தவன். என் சித்தி செத்து வருஷக்கணக்காகிறது. அவள் பெயரை இவர்கள் அப்படிச் சும்மா எடுக்கிறவர்கள் இல்லை.

இதற்கு மேல் ஒரு வருஷம் அந்த மனுஷன் உழைத்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். முன்பு மழைக்கு முந்தி சேர்ந்தாற்போல் முடிகிற வேலை, இப்போது வருஷம் முழுவதும். பயிர் முளைவிட்டால் ஒரு நடை, தழைத்தால் ஒரு நடை, ரோட்டைத் தாண்டி, மூக்கைப் பிடிக்கிற ஜனங்களைத் தாண்டி. முதுகுவலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு ஓட்டினான். நடுநடுவே கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொண்டுபோவான். “ஒரேயடியாத் தெளியாது, மண்ணுல இருக்கறது இறங்கி முடியணும். ஆனா குறைஞ்சிருக்கு” என்று அங்கே சொன்னார்களாம். அதை வந்து பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி வீடு வீடாகச் சொன்னான்.

“அண்ணன்கிட்ட பேசறியா?” என்று கேட்டேன்.

“வேலை பேசறேன் அக்கா. வார்த்தையக் காப்பாத்தறார். அது போதும்” என்றான். அது போதும் என்று அவன் மனசார நினைத்தான் என்பது முகத்தில் தெரிந்தது.

மழைக்காலம் நெருங்கியது. குழி முக்கால்தான் நிறைந்திருந்தது. பாக்கியை மழை விட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம், இடம் தாராளமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டு, பெண்டாட்டியோடு மகளைப் பார்க்கக் கிளம்பினான். பேத்தி இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தது. தாத்தாவைக் கண்டதும் வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது. அங்கே ராத்திரிச் சாப்பாட்டில் மகளிடம் பெருமையாகச் சொன்னான்: “ஒரு சொட்டு ஊத்தலம்மா. உங்க பெரியப்பா சொன்ன சொல்லக் காப்பாத்திட்டார்.” மகள் வெகுநேரம் யோசித்தாள். பிறகு, “சரிப்பா, உங்க மாப்பிள்ளைக்கு அடுத்த மாசம் லீவு. எல்லாரும் வர்றோம்” என்றாள். அத்தர் பெண்டாட்டிக்கு அங்கேயே அழுகை.

திரும்பி வந்தார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதே அவன் நின்றுவிட்டான். மேல்நிலம் முழுவதும் கறுப்பாகப் பளபளத்தது. யாரோ பழக்கமில்லாத ஆள் ஓட்டிய வண்டி, சக்கரத் தடம் கோணல் மாணலாகக் கிடந்தது. ஒரு இடத்தில் வண்டி புதைந்து, அங்கேயே திறந்துவிட்டிருக்கிறார்கள். குளம் மாதிரி தேங்கிக் கிடந்தது, அவன் கிணற்றுக்கு நேர் மேலே. வானம் இருட்டிக்கொண்டு வந்தது.

மூத்தவன் குடை பிடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தான்.

“ஒரே ஒரு தடவைடா. புதுசா மாடு வாங்கினேன், குழி ரெண்டே நாள்ல ஏறிடுச்சு. உன்னை நம்பி உக்காந்திருந்தா மழை கொட்டிடும். களிமண் நிலம் தூரம், வாடகை வண்டியோட வந்தவன் அங்க போக மாட்டேன்னுட்டான். அடுத்த வருஷம் பெரிய குழி…”

“நான் எப்ப கிளம்பறேன்னு கேட்டீங்களே அண்ணே. எப்ப திரும்புவேன்னும் கேட்டீங்க. பேத்திய விசாரிச்சதா சொல்லுன்னீங்க.”

மூத்தவன் குடையைத் தம்பி பக்கம் சாய்த்தான். தூற்றல் விழ ஆரம்பித்திருந்தது. தம்பி குடைக்குள் வரவில்லை.

“உனக்குத்தான் குழாய் போட்டுக் குடுத்திருக்கேனேடா. அப்புறம் என்ன?”

அத்தர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அண்ணன் கையில் வைத்தான். அது ஒன்றுதான் அவன் செய்தது. வீட்டுக்குள் வந்து, ஈரத் தலையைத் துடைக்காமல் மகளுக்குப் போன் போட்டான். பெண்டாட்டி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

“நல்லபடியா போய்ச் சேர்ந்தீங்களாப்பா?” என்றாள் மகள். “இவ கதவையே பார்த்துக்கிட்டிருக்கா, தாத்தா வருவார்னு.”

“சேர்ந்துட்டோம்மா.”

“என்னப்பா சத்தம்? அங்க மழையா?”

“ஆமாம்மா. நல்ல மழை.”

“எங்களுக்கு என்ன எடுத்துட்டு வரணும்? அம்மாவக் கேளுங்க.”

அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றான். கூரையில் மழை வலுத்தது.

“ஒண்ணும் எடுத்துட்டு வரவேண்டாம்மா” என்றான். “நீங்க வரவேண்டாம். நாங்களே அங்க வந்துடறோம்.”

மகள் ஏன் என்று கேட்கவில்லை.